மத்தியானம் வந்த ஆண்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: ஆணும் பெண்ணும் ஒரே கூரைக்குக் கீழே வாழத் தொடங்கிய நாள்முதல் மனிதகுலத்தை வாட்டிவந்த கேள்விக்கு, ஹோபார்ட் நகரத்தில், ஆற்றைப் பார்த்த ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில், விடை கிடைத்துவிட்டது. ஆண் மூளை வேறு, பெண் மூளை வேறு. தலையின் பருமனைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் வேறு. நானூற்றுப் பன்னிரண்டு பேரின் மூளைகளை ஸ்கேன் எடுத்து, ஒரு கணினி நிரலிடம் காட்டி, இது ஆணா பெண்ணா என்று கேட்டதில், நானூற்றுப் பதினொன்றுக்கு அது தட்டாமல் சரியான பதிலைச் சொன்னது. இந்த மகத்தான செய்தியைப் பேராசிரியர் டெஸ்மண்ட் ஃபேர்வெதர் அடுத்த வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு உலகத்துக்கு வெளியிடுவார். டீயும் ஸ்கோன் ரொட்டியும் உண்டு.

தப்பிப்போன அந்த ஒரே ஒரு மூளை க்ளெனிஸ் டொபினின் கணவருடையது. நிரல் அதைப் பெண் என்றது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று நிச்சயம் என்றும் சேர்த்துச் சொன்னது.

கணவர் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஆகவே அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்க வழியில்லை.

க்ளெனிஸ்தான் அந்த நிலையத்தில் படங்களுக்குப் பொறுப்பு. ஐம்பத்தாறு வயது; இருபது வருட வேலை. வருகிறவரின் பெயரை எடுத்துவிட்டு எண் கொடுப்பாள். பிறகு முகத்தையும் எடுத்துவிடுவாள். தலையைச் சுற்றி எடுத்த ஸ்கேனில் மூளை மட்டுமா விழும்? மூக்கு, உதடு, கன்னம் எல்லாம் விழும். அதைக் கணினியில் உருட்டித் திரட்டினால் ஆளை அடையாளம் கண்டுவிடலாம். அதனால் நெற்றியிலிருந்து தாடைவரை சீவி எறிந்துவிட வேண்டும் என்பது விதி. நானூற்றுப் பன்னிரண்டு முகங்களைச் சீவியவள் அவள்தான். நாற்பத்தேழாம் எண்ணையும் அவளே சீவினாள். அன்று கணவர் மெர்வ் உயிரோடு இருந்தார். சாயங்காலம் வீட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். அதனால் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

டெஸ் வியாழக்கிழமை அவள் மேசைக்கு வந்தார். எல்லோரும் அவரை டெஸ் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவரே போட்ட கட்டளை. ஆனால் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் அவர் காது லேசாகச் சிவக்கும்.

"க்ளெனிஸ், அந்த நாற்பத்தேழைத் தூக்கிடுவோம்."

"நாற்பத்தேழு மெர்வ், டெஸ்."

"தெரியும், தெரியும். தங்கமான மனுஷன். என் படகுக்கு அடிப்பலகை மாத்திக் கொடுத்தாரே, இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரல. ஆனா படத்தைப் பாரு. பேய் விழுந்திருக்கு."

அந்தத் தொழிலில் அதற்குப் பெயரே பேய்தான். ஸ்கேன் எடுக்கும்போது தலை அசைந்தால், மண்டையோட்டின் விளிம்பு பக்கத்தில் மங்கலாக இன்னொரு தடவை விழும். அதற்கும் அப்பால் இன்னும் மங்கலாக இன்னொன்று. மெர்வைச் சுற்றி அப்படி மூன்று மெர்வ்கள் இருந்தார்கள்.

"லேசான பேய்தானே. இதைவிட மோசமா இருபது படம் வச்சிருக்கோம்."

"அந்த இருபதும் சரியான பதிலைச் சொல்லுச்சே! நீயே யோசி. நானூத்துப் பதினொண்ணுக்கு நானூத்துப் பதினொண்ணு. நூத்துக்கு நூறு, க்ளெனிஸ். அந்த வார்த்தையை வாயில வச்சுப் பாரு, எப்படி இருக்கு!" பேராசிரியர் உண்மையிலேயே ஒரு தடவை வாயில் வைத்துப் பார்த்தார். "அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடு."

தூக்கினால் தூக்கினதோடு போகாது. ஆய்வுக்கு வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் தாளில் ஒரு கட்டம் உண்டு: 'என் படங்கள் ஆய்வில் பயன்படாவிட்டால் முற்றாக அழித்துவிடவும்.' மெர்வ் அதில் குறி போட்டிருந்தார். படித்துப் பார்த்துப் போட்டதில்லை. எந்தத் தாளைக் கொடுத்தாலும் எல்லாக் கட்டத்திலும் குறி போட்டுத் திருப்பிக் கொடுக்கிற ஆள். ஆனால் குறி குறிதான். அழிக்கும் பொத்தானை அழுத்த வேண்டியவள் க்ளெனிஸ். யாருக்கும் தெரியாமல் ஒரு பிரதி எடுத்துக்கொண்டால் என்ன? வருடா வருடம் புது மாணவர்களை உட்காரவைத்து, 'ஒரு படம் வெளியே போனாலும் வேலை போகும்' என்று உபதேசம் செய்கிறவளும் க்ளெனிஸ். அப்படி ஒருத்தனை வீட்டுக்கு அனுப்பியும் இருக்கிறாள்.

அவரது சாம்பல் ஆற்றோடு போய்விட்டது. சட்டைகள் தேவாலயத்தின் தர்மக் கடைக்குப் போயாயிற்று. புகைப்படங்கள் இருந்தன, அவை வெளியே இருந்து எடுத்தவை. உள்ளே இருந்து எடுத்தது இது ஒன்றுதான்.

ஆனால் அவளைத் தூங்கவிடாமல் செய்தது பொத்தான்கூட இல்லை. தொண்ணூற்றொன்று.

நிரலை அவள் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். பெண், தொண்ணூற்றொன்று. கணினியை அணைத்துப் போட்டு ஓட்டினாள். பெண், தொண்ணூற்றொன்று. இருபத்தாறு வருடம் ஒரே போர்வைக்குள் கிடந்த மனுஷனைப் பற்றித் தனக்குத் தெரியாத ஒன்றை ஒரு பெட்டி தெரிந்துவைத்துக்கொண்டு கண்ணைச் சிமிட்டுகிறது. நானூற்றுப் பதினொரு பேர் விஷயத்தில் பொய் சொல்லாத பெட்டி இவர் விஷயத்தில் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

ஜூலை மாதம், அங்கே குளிர்காலம். நாலரை மணிக்கே மலை வெயிலை விழுங்கிவிடும். அவள் வீட்டுக்குள் நுழைந்து விளக்கைப் போடுவதற்கு முன்னால், ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு விளிம்பு தெரியும். ஆள் இல்லை, ஆளின் ஓரம் மட்டும். அதற்குப் பின்னால் இன்னும் மங்கலாக இன்னொன்று. பொத்தானைத் தட்டினால் துடைப்பக்கட்டையும் மழைக்கோட்டும் நிற்கும். மழைக்கோட்டைக் கழற்றி அலமாரிக்குள் மாட்டினாள். மறுநாள் விளிம்பு மட்டும் அங்கேயே இருந்தது.

கணக்கெடுக்கத் தொடங்கினாள். மெர்வ் திரைச்சீலை தைப்பார். டிவியில் நாய் செத்தால் அழுவார். வழி தெரியாவிட்டால் வண்டியை நிறுத்தி யாரையாவது கேட்பார்; இந்த ஒன்றுக்காகவே அவளுடைய அண்ணன்மார்கள் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவளிடம் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. அப்போதெல்லாம் அதிர்ஷ்டம் என்று நினைத்தது, இப்போது அவளைப் பின்னாலிருந்து தொட்டது. உள்ளே இருந்தது யார்? சொல்லாமல் வைத்திருந்தாரா? கேட்காமல் விட்டது நானா?

ஞாயிற்றுக்கிழமை அவர் படகு பழுதுபார்க்கும் கொட்டகையைத் திறந்து ஒவ்வோர் இழுப்பறையாகக் கவிழ்த்தாள். ஆணி, கயிறு, பிசின் டப்பா, ஒரு காலுறை. அடி இழுப்பறையில் ஒரு நோட்டு. பிரித்தாள். எந்தப் படகுக்கு என்ன நிறம் என்று பதினான்கு வருடத்துக்கு எழுதிவைத்திருந்தார். கடைசிப் பக்கத்தில், 'க்ளெனுக்கு முழங்கால் வலி. மாடிப்படிக்குக் கைப்பிடி.' அந்தக் கைப்பிடியைப் பிடித்துத்தான் அவள் தினமும் படுக்கப் போகிறாள்.

திங்கட்கிழமை காலையில் சேலா அவளைப் பார்த்ததும் காபியைக் கீழே வைத்தாள். சேலா டோங்கா தீவில் பிறந்தவள். ஸ்கேன் இயந்திரத்தை ஓட்டுபவள். சிரித்தால் மூன்று அறை தாண்டிக் கேட்கும்.

"என்ன க்ளென், முகம் செத்துக் கிடக்கு? சாப்பிட்டியா? பேசாத, சாப்பிட்டிருக்க மாட்ட. இந்தா." பொரித்த மாவு உருண்டைகள் இருந்த டப்பாவை நகர்த்தினாள்.

"சேலா, அந்த நிரல் மெர்வைப் பொம்பளைங்குது."

சேலா சிரித்தாள். மூன்றாவது அறை போய்ச் சேர்வதற்குள் நிறுத்திக்கொண்டாள். "அடப்பாவமே. நிஜமாவா சொல்ற? யாரு, மெர்வையா?"

"தொண்ணூத்தொண்ணு."

"எங்க ஊர்ல பத்துப் பேர் சேர்ந்து தூக்குற படகை அந்த ஆளு ஒத்தையாளா உருட்டிவிட்டுட்டு, அப்புறம் உக்காந்து படகுப் பாய்க்கு ஓரம் தைப்பாரு. இதுல எதை வச்சு அது கண்டுபிடிச்சுதாம்? ஊசியையா?"

"நீதானே அவரைப் படம் எடுத்த. அன்னிக்கு ஏதாவது... வித்தியாசமா?"

"மீட் பை தின்னுக்கிட்டே வந்தாரு. துடைச்சுட்டு உள்ள படுங்கன்னு திட்டினேன். நீ வேற மைக்ல என்னமோ சொல்லி அவரைச் சிரிக்க வச்ச. குலுங்கிக் குலுங்கிப் படமே ஆடிப்போச்சு. மெஷின் வேற சூடாக் கிடந்தது, மத்தியானமில்ல."

"மத்தியானம்னா என்ன?"

"என்னன்னா? காலையில ஆறரைக்குப் போடறோம். ரெண்டு மணிக்குள்ள நல்லா சூடேறிடும். அப்ப எதை எடுத்தாலும் ஒரு முடி அளவு ஊதித்தான் தெரியும். தினமும் தண்ணி அடைச்ச பந்தை உள்ள வச்சு அளந்து பாக்குறேன் இல்ல? காலையில ஒரு அளவு, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு அளவு. எல்லாருக்கும் தெரியுமே."

"எனக்குத் தெரியாது."

"நோட்டுல எழுதி வச்சிருக்கேன், க்ளென். மூணு வருஷமா. யாராவது அதைத் திறந்து பாத்தாத்தானே."

க்ளெனிஸ் திறந்து பார்த்தாள். பிறகு தன் வருகைப் பதிவேட்டையும் திறந்தாள்.

ஆய்வுக்கு ஆள் கிடைக்காமல் டெஸ் தலையைப் பிய்த்துக்கொண்ட காலத்தில், ஆட்களைக் கொண்டுவந்து குவித்தவள் க்ளெனிஸ். அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஆண்கள் கப்பல்கட்டும் தளத்திலும் நகராட்சியிலும் வேலை செய்கிறவர்கள். வேலைக்குப் போகிற வழியில் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னாள். பெண்கள் பாதிப் பேர் தாய்மார்கள்; மூன்று மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும்; அவர்களை ஒன்றரைக்கும் இரண்டுக்கும் வரச் சொன்னாள். ஒருவருக்கும் சம்பளம் பிடிக்கப்படவில்லை, ஒரு குழந்தையும் வாசலில் காத்து நிற்கவில்லை. ஆண்டு விருந்தில் டெஸ் அவளை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு பூந்தொட்டி கொடுத்தார்.

இருநூற்று ஐந்து ஆண்கள், காலை. இருநூற்று ஆறு பெண்கள், மத்தியானம். நாற்பத்தேழு, ஆண், மத்தியானம் இரண்டு பத்து.

நிரல் ஆண் பெண்ணைக் கண்டுபிடிக்கவே இல்லை. மணி பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தது.

மெர்வ் மெர்வாகத்தான் இருந்தார். அந்த நிம்மதி ஒரு நிமிடம் நீடித்தது. அடுத்த நிமிடம் மிச்சக் கணக்கு வந்து நின்றது. வாயைத் திறந்தால் நாற்பத்தேழைத் தூக்கக் காரணமில்லை. ஆனால் மூன்று வருட ஆய்வு சாயும். சாய்த்தது அவளுடைய பதிவேடு. ஆய்வே இல்லையென்று ஆனால், பயன்படாத படங்கள் என்று எல்லாமே ஆகும். கட்டத்தில் குறி போட்ட அத்தனை பேரும் போவார்கள், மெர்வும் கூட்டத்தோடு போவார். வாயை மூடிக்கொண்டால் அவர் மட்டும் தனியாகப் போவார், ஒரு பொய்க்காக.

 செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் அவள் ஸ்கேன் அறைக்கு வெளியே இருந்த கணினியில் உட்கார்ந்து, பூட்டிய கோப்பைத் திறந்தாள். முகம் சீவாத மூலப்படங்களை அதில்தான் பூட்டிவைப்பார்கள். உருட்டித் திரட்டினாள். சாம்பல் நிறத்தில் மெர்வ் எழுந்து வந்தார். கண்கள் மூடியிருந்தன. காதுகள் ஒலிக்கவசத்தில் நசுங்கியிருந்தன. வாயின் இடது ஓரம் மட்டும் மேலே ஏறியிருந்தது.

அன்றைக்கு மைக்கில் என்ன சொன்னாள் என்பது அவளுக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது. "ஆடாத மெர்வ். நீ ஆடினா படம் ரெண்டா விழும். ரெண்டு புருஷனை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

இப்போது மூன்று பேர் இருந்தார்கள், ஒருவருக்குப் பின் ஒருவராக, கடைசி ஆள் கிட்டத்தட்ட இருட்டாகவே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாருமில்லாத அறையில் இயந்திரத்தின் குளிரூட்டும் பம்பு வேலை செய்துகொண்டிருந்தது. அதை ஒருநாளும் நிறுத்த மாட்டார்கள். உஸ், சிக். உஸ், சிக். இருபது வருடமாகக் கேட்ட சத்தம். தொண்டையில் சளி கட்டினால் மெர்வ் மூச்சு விடுவதும் இதேதான் என்று ஏன் ஒருநாளும் தோன்றவில்லை? அவள் மைக்கின் பொத்தானை அழுத்தினாள். காலி அறையில் ஒலிபெருக்கி லேசாக இரைந்தது.

"ஆடாத," என்றாள்.

பம்பு ஒரு தடவை சிக் என்று சொல்லாமல் விட்டது. அல்லது விட்டதாக அவளுக்குப் பட்டது. கோப்பை மூடிவிட்டு எழுந்து போய் முகம் கழுவினாள்.

புதன்கிழமை காலை அவள் டெஸ்ஸின் அறைக்குப் போனாள்.

"டெஸ், பத்திரிகைக்காரங்க ஒரு நல்ல மூளைப் படம் கேக்குறாங்க. பெருசா, தெளிவா. உங்களோடது இருந்தா எப்படி இருக்கும்?"

பேராசிரியர் யோசிப்பதுபோல் பாவனை செய்தார். "என் மூளையா? அது கொஞ்சம் அலட்டலா தெரியாதா?"

"ஆய்வுல நீங்கதான் ஒண்ணாம் எண். பொருத்தமா இருக்கும். ஆனா அது மூணு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது."

"புதுசா எடுத்துடுவோம்," என்றார், அவள் வாய் மூடுவதற்குள். "எப்ப?"

"ரெண்டு மணிக்கு."

மூன்று மணிக்கு அவர் தலைமுடியைக் கோதிக்கொண்டே வந்து திரையைப் பார்த்தார். இடது பக்கம் அவருடைய பழைய மூளை, காலை ஏழேகால்: ஆண், தொண்ணூற்றேழு. வலது பக்கம் அதே மூளை, இன்றைக்கு, இரண்டு ஐந்து: பெண், தொண்ணூற்று நாலு.

சேலா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

"என்ன இது? மெஷின் கெட்டுப்போச்சா?"

"இல்ல டெஸ். சூடாயிருக்கு. அவ்வளவுதான்." க்ளெனிஸ் தன் பதிவேட்டையும் சேலாவின் அளவு நோட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். விரலை வைத்துக் காட்டினாள். காலை, காலை, காலை. மத்தியானம், மத்தியானம். அவர் முட்டாள் அல்ல. நாலாவது வரியிலேயே புரிந்துவிட்டது. ஆனாலும் மனிதர் ஒரு கிளையைப் பிடித்துத் தொங்கப் பார்த்தார்.

"சாப்பிட்ட உடனே எடுத்ததால இருக்குமோ?"

"அப்ப சாப்பாட்டுக்கு அப்புறம் நாம எல்லாரும் பொம்பளைங்கதான், டெஸ்," என்றாள் சேலா சுவரிடம்.

அவர் உட்கார்ந்தார். நாற்காலி கீச்சிட்டது. "யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு, சேலாவுக்கு. இப்ப உங்களுக்கு."

"நேரம் ஒதுக்கினது யாரு?"

"நான்தான்," என்றாள் க்ளெனிஸ். "முழுக்க நான்தான். யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுங்க. ஆனா மெர்வைப் பேய் விழுந்திருக்குன்னு தூக்காதீங்க. இத்தனை படங்கள்ல நம்ம கணக்கு தப்புன்னு காட்டினது அந்த ஒரு படம்தான்."

 பேராசிரியர் தன்னுடைய இரண்டு மூளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பம்பு மூச்சு விட்டது. பிறகு எழுந்து, கோட்டை எடுக்காமலே வெளியே போனார். மழை தூறிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை அவர் வரவில்லை. காலை டீக்கு யாரோ லாமிங்டன் கேக் கொண்டுவந்திருந்தார்கள். க்ளெனிஸ் ஒன்றை எடுத்துப் பிய்த்துத் தேங்காய்த் துருவலை மட்டும் உதிர்த்துக்கொண்டிருந்தாள். அழிக்க வேண்டியவர்கள் பட்டியலைத் தயார் செய்து, ஒவ்வொரு கோப்பிலும் 'அழிக்க' என்று குறித்தும் வைத்துவிட்டாள். தாளில் அந்தக் கட்டத்துக்குக் குறி போட்டவர்கள் நூற்று முப்பத்திரண்டு பேர். எண் வரிசைப்படி மெர்வ் பதினேழாவது. பதினாறு பேர்வரை கை நடுங்காது என்று கணக்குப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு டெஸ் புது டை கட்டிக்கொண்டு வந்தார். இரண்டு கேமராக்கள், ஐந்து நிருபர்கள், ஒரு துணைவேந்தர். மேடையேறி, தண்ணீர் குடித்து, ஆற்றைப் பார்த்து, திரும்பினார்.

"நண்பர்களே," என்றார். "ஆண் மூளைக்கும் பெண் மூளைக்கும் வித்தியாசம் கண்டுபிடிச்சதா உலகம் பூரா சொல்லிக்கிட்டிருக்காங்க. அதுல எத்தனை வித்தியாசம் வெறும் மெஷின் சூடுன்னு யாராவது கேட்டாங்களா? இந்த நிலையம் கேட்டிருக்கு."

க்ளெனிஸின் கையிலிருந்த ஸ்கோன் பாதி வழியில் நின்றது.

இருபது நிமிடம் பேசினார். ஒரு முடி அளவு சூடு எப்படி நானூறு மூளைகளை ஏமாற்றும் என்பதை வரைபடத்தோடு விளக்கினார். சொன்னதெல்லாம் உண்மை, அதை மூன்று வருடமாக அவர்தான் தேடிக்கொண்டிருந்தார் என்பதைத் தவிர. துணைவேந்தர் முன்னால் சாய்ந்து கேட்டார். நிருபர் ஒருத்தி கை தூக்கி, இதை எப்படி நிரூபித்தீர்கள் என்றாள்.

"நல்ல கேள்வி. ஆண்களைக் காலையிலயும் பெண்களை மத்தியானமும் வரவச்சோம். ஆனா ஒரே ஒரு ஆணை மட்டும் மத்தியானம் வரவச்சோம். நாற்பத்தேழாம் எண். அவர் இல்லேன்னா இந்த உண்மை வெளியவே வந்திருக்காது. அந்தப் படத்தை இந்த நிலையம் இருக்கிறவரைக்கும் பாதுகாப்போம்." குரலைத் தாழ்த்தினார். "அது தற்செயல் இல்ல. தொலைநோக்கு."

கைதட்டல் எழுந்தது. சேலா க்ளெனிஸின் விலாவில் முழங்கையால் இடித்தாள். "பாத்தியா? உன் ஆளு தொலைநோக்காம்!"

க்ளெனிஸ் யாரும் கவனிக்காமல் எழுந்து உள்ளே போனாள். பூட்டிய கோப்பில் 'அழிக்க' என்று தான் போட்டுவைத்திருந்த குறியை நீக்கினாள். முகம் சீவாத படத்தை ஒரு தடவை திறந்தாள். மூடிய கண்கள், தூக்கிய உதட்டோரம், சுற்றிலும் அந்த மூன்று விளிம்புகள். அறைக்குள் பம்பு உஸ், சிக் என்று விட்டுக்கொண்டிருந்தது. வெளியே அவரைப் பற்றி இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

காலை ஏழு மணிக்கு வரச் சொல்லி அவரிடமும்தான் சொல்லியிருந்தாள்.

மெர்வ் அன்றைக்குத் தூங்கிப்போய்விட்டார்.